மூன்று மழை

எந்த வீட்டுக்குத் தோட்டம் போடக் கூப்பிட்டாலும் முதல் நாள் நான் கேட்பது ஒரு நாற்காலி. டேப்பும் நோட்டும் பையில்தான் இருக்கும், எடுக்க மாட்டேன். காலையில் காபி குடிப்பது எங்கே, சாயங்காலம் காற்றுக்கு உட்காருவது எங்கே, சமையலறை ஜன்னலில் நின்றால் கண் எந்தப் பக்கம் போகிறது என்று வீட்டுக்காரர்களிடம் கேட்டு, அங்கெல்லாம் நாற்காலியைப் போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்ப்பேன். "அளவு எடுக்கலையா சார்?" என்று கேட்பார்கள். அளவை நாளைக்கும் எடுக்கலாம். வெயில் சுவரை விட்டு எத்தனை மணிக்கு இறங்குகிறது, பக்கத்து வீட்டு நிழல் எது வரை வருகிறது என்பதை உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

இந்தப் பழக்கம் என் குருவிடமிருந்து வந்தது. மதுராந்தகம் பக்கம் எங்கள் ஊர்க் கிணறு கைவிட்ட பிறகு, 1985-இல் சென்னைக்கு வந்து, அடையாறில் ஒரு பழைய பங்களாவின் தோட்டக்காரப் பெரியவரிடம் எடுபிடியாகச் சேர்ந்தேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யாராவது ஒரு தோட்டத்தைப் பற்றிப் பெருமையாகச் சொன்னால், "எத்தனை மழை பாத்துது?" என்று கேட்பார். ஐப்பசி கார்த்திகை அடைமழை மூன்று முறை வந்து போயிருக்க வேண்டும். அதுவரை எவ்வளவு அழகாக இருந்தாலும் அவருக்கு அது நாற்றங்கால்தான்.

தனியாகத் தொழில் தொடங்கிய பிறகு அதையே நான் பிடித்துக்கொண்டேன். போட்ட ஒவ்வொரு தோட்டத்தையும் மூன்றாவது மழை முடிந்து தை மாதத்தில், யாரும் கூப்பிடாமலேயே போய்ப் பார்ப்பேன். எது நிற்கிறது, எது போயிற்று, எந்த இடத்தில் ஆள் நடந்து நடந்து புதிதாக ஒற்றையடிப் பாதை விழுந்திருக்கிறது என்று நோட்டில் குறிப்பேன். இந்தத் தொழிலில் பணம் வருவது ஒப்படைக்கும் நாளில். அன்றைக்கு எல்லாத் தோட்டமும் அழகாகத்தான் இருக்கும். எனக்குத் தெரிந்த கொஞ்சநஞ்சமும் தை மாதத்துப் போக்குவரத்தில் கற்றதுதான்.

எண்பதுகளில் சென்னையில் வீட்டுத் தோட்டம் என்றால் ஏறக்குறைய ஒரே படம்தான். ஒரு கிரவுண்டு, இரண்டு கிரவுண்டு மனை. நடுவில் வீடு. முன்னால் லான். காம்பவுண்டு ஓரமாக நெட்டிலிங்க வரிசை, எல்லாரும் அதை அசோகா என்பார்கள். போர்டிகோ படியில் சிமெண்டுத் தொட்டிகளில் குரோட்டன்ஸ். பின்பக்கம் கிணறு, துவைக்கிற கல், தென்னை, வாழை, கறிவேப்பிலை. முன்பக்கம் வருகிறவர்களுக்கு, பின்பக்கம் வீட்டுக்காரர்களுக்கு. கதீட்ரல் சாலையில் 1835-இல் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் மலர்க் கண்காட்சிக்குப் பெரியவரோடு போவேன். பங்களாக்காரர்கள் தங்கள் தொட்டிகளைப் போட்டிக்கு வைப்பார்கள். பரிசு அட்டையில் இருப்பது முதலாளி பெயர். தொட்டிக்குப் பின்னால் நின்று இலை இலையாக ஈரத்துணியால் துடைப்பது எங்களைப் போன்றவர்கள்.

அப்போது லான் என்றால் அருகம்புல். புல்லை வேரோடு பிடுங்கி, இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, செம்மண்ணும் பசுஞ்சாணமும் தண்ணீரும் விட்டுச் சேறாகக் குழைத்து, சமன் செய்த ஈரத் தரையில் ஒரு அங்குலக் கனத்துக்குப் பூசுவோம். வீடு பூசுகிற மாதிரியேதான். மேலே வைக்கோல் தூவி, காலையும் மாலையும் பூவாளியால் தண்ணீர் காட்டினால் இரண்டு வாரத்தில் பச்சை எட்டிப் பார்க்கும். முழுதாக மூடுவதற்கு மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் வீட்டுக்காரர் பொறுத்திருப்பார், குழந்தைகளை மிதிக்க விட மாட்டார்.

பிறகு கொரியன் புல் வந்தது. நர்சரியிலிருந்து பாய் பாயாக வெட்டி லாரியில் வரும். காலையில் விரித்தால் சாயங்காலம் பச்சை. கிரகப்பிரவேசத்துக்கு மூன்று நாள் இருக்கும்போதுகூட ஆர்டர் வர ஆரம்பித்தது அதன் பிறகுதான். மூன்று மாதம் காத்திருந்த மனிதர்கள் மூன்று நாளில் கேட்டார்கள், எங்களாலும் கொடுக்க முடிந்தது. இந்தத் தொழிலில் என் காலத்தில் நடந்த பெரிய மாற்றம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

உடனே தோட்டம் வேண்டும் என்றால் என்னென்ன செய்வார்கள் என்று சொல்கிறேன். நானும் செய்திருக்கிறேன். ஆந்திராவில் ராஜமுந்திரி பக்கம் கடியம் என்ற ஊரைச் சுற்றி நூற்றுக்கணக்கான நர்சரிகள். அங்கிருந்து இரவெல்லாம் லாரியில் செடி வரும். வந்த செடியை ஒரு வாரமாவது நிழலில் வைத்து, தண்ணீர் காட்டி, நம் ஊர் வெயிலுக்குப் பழக்க வேண்டும். அவசர வேலையில் லாரியிலிருந்து இறக்கி நேராகக் குழியில் வைப்பார்கள். இரண்டரை அடி இடைவெளி கேட்கும் இட்லிப்பூச் செடியை முக்கால் அடிக்கு ஒன்றாக நெருக்குவார்கள், ஒப்படைக்கும் நாளில் மண் தெரியக் கூடாது என்பதற்காக. எட்டு மாதத்தில் உள்ளே காற்றுப் போகாது, கீழ் இலை உதிரும், மாவுப்பூச்சி அடையும். செடி எண்ணிக்கை கூடினால் பில் கூடும் என்பதும் இதில் இருக்கிறது. இப்போது என்னிடம் வேலை கற்க வரும் பையன்களுக்கு முதலில் சொல்வது, பில்லில் செடியைக் குறைத்து எருவைக் கூட்டு என்பதுதான். வீட்டுக்காரருக்கு விளக்கிச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

மண்ணைப் பற்றி எனக்குப் பாடம் சொன்னது ஒரு இட்லிப்பூ வேலிதான். தொண்ணூறுகளின் நடுவில் அண்ணா நகரில் ஒரு புது வீடு. வாசலிலிருந்து படி வரை இரண்டு பக்கமும் சிவப்பு இட்லிப்பூ வைத்தேன். முதல் மழைக்கு நன்றாகத் தழைத்தது. அடுத்த கோடையில் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றன. உரம் போதவில்லை என்று நினைத்து உரம் வைத்தேன். இன்னும் மஞ்சளானது. இரும்புச்சத்து கரைத்துத் தெளித்தேன். ஒரு மாதம் பச்சை, பிறகு பழைய கதை. வீட்டுக்கார அம்மா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கடப்பாரையோடு போய் ஒரு செடியின் பக்கத்தில் தோண்டினேன். மேலே நான்கு அங்குலம் செம்மண். கீழே இரண்டு அடிக்கு உடைந்த செங்கல், காரை, கெட்டிப்போன சிமெண்டு மூட்டை. வீடு கட்டிய மிச்சத்தையெல்லாம் கொட்டி மேலே செம்மண் பரப்பியிருந்தார்கள். சுண்ணாம்பும் சிமெண்டும் இருக்கும் மண்ணில் இட்லிப்பூவால் இரும்பை எடுத்துக்கொள்ள முடியாது. அந்த வரிசை முழுவதையும் என் செலவில் தோண்டி, இடிபாட்டை அள்ளிப்போட்டு, செம்மண்ணும் மட்கிய எருவும் நிரப்பித் திரும்ப வைத்தேன். தோண்டிப் பார்க்காமல் நட்டது என் தவறு, அதற்கான செலவும் என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

அன்றிலிருந்து மனையில் நான்கு இடத்தில் முழங்கால் ஆழம் தோண்டாமல் விலை சொல்வதில்லை. சென்னை ஒரே மண் அல்ல. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடல் மணல், ஊற்றிய தண்ணீர் கண்ணெதிரே காணாமல் போகும். அங்கே தென்னை நார்க்கழிவும் எருவும் கலந்தால்தான் ஈரம் நிற்கும். அண்ணா நகர், விருகம்பாக்கம் பக்கம் களிமண், கார்த்திகையில் குழியில் தண்ணீர் மூன்று நாள் தேங்கும், சித்திரையில் விரல் நுழையும் வெடிப்பு. அங்கே பாத்தியைத் தரையிலிருந்து ஒரு அடி தூக்கிக் கட்ட வேண்டும். ஒரே படத்தைக் காட்டி இரண்டு இடத்திலும் அதே தோட்டம் கேட்பார்கள். படத்தில் மண் தெரியாது.

வெயிலின் கணக்கு தாமதமாகத்தான் எனக்குப் பிடிபட்டது. அடுக்குமாடிகள் வந்த பிறகு தோட்டத்துக்கு மிஞ்சியது கட்டடத்தைச் சுற்றி ஐந்தடி சந்து. மயிலாப்பூரில் ஒரு குடியிருப்பில் வடக்குச் சந்தில் ரோஜா கேட்டார்கள். நான் போய்ப் பார்த்தது மே மாதம், நல்ல வெயில் அடித்தது. ஓசூரிலிருந்து முப்பது செடி வரவழைத்து வைத்தேன். ஆகஸ்டு வரை பூத்தது. செப்டம்பரிலிருந்து மொட்டே இல்லை, மார்கழியில் இலையெல்லாம் சாம்பல் பூசிய மாதிரி நோய். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்டு நடு வரைதான் நம் ஊரில் உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கிறது. மற்ற எட்டு மாதம் தெற்கே. நான்கு மாடிக் கட்டடத்தின் வடக்குச் சந்துக்கு அந்த எட்டு மாதமும் ஒரு பொட்டு வெயில் கிடையாது. நான் பார்த்த வெயில் விருந்தாளி. அந்த ரோஜாக்களை எடுத்து மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டு, சந்தில் பெரணியும் மணி பிளாண்டும் வெற்றிலைக் கொடியும் வைத்தேன். வெற்றிலை அப்படிப் பிடித்துக்கொண்டது. மேல்வீட்டுப் பாட்டி தினமும் இறங்கி வந்து இரண்டு இலை கிள்ளிக்கொண்டு போவார். மூன்றாவது மழைக்குப் பிறகு நான் போனபோது சந்தின் கோடியில் அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள்.

காற்றுக்கும் கணக்கு உண்டு. நம் ஊரில் கோடைப் பகலில் கடல்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் எழும், மாலை முழுக்க அடிக்கும். முல்லைப் பந்தலை வீட்டின் தென்கிழக்கில் போட்டால் சாயங்காலம் ஜன்னலைத் திறந்த வீடு முழுக்க மணக்கும். அதே முல்லையை வடமேற்கில் வைத்தால் வாசனை பக்கத்து வீட்டுக்குப் போகும். இரவு ராணியைப் படுக்கையறை ஜன்னலுக்கு அடியில் வைக்கச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன், அந்த நெடியில் தூங்க முடியாது, தலை வலிக்கும். பவளமல்லியை லானின் நடுவில் வைப்பதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பூ விடியற்காலையில் தானாக உதிர்கிற பூ. கீழே சுத்தமான தரை வேண்டும், பெருக்கிய மண்ணோ செங்கல் தளமோ இருக்க வேண்டும். அப்போதுதான் வெள்ளையும் காவியுமாகக் கிடப்பது கண்ணுக்குத் தெரியும், குனிந்து பொறுக்க முடியும். புல்லில் விழுந்தால் பாதி மறைந்து அழுகிப்போகும்.

செடிகளில் சிலதை வீட்டுக்காரர்களின் பாசமே பூக்க விடாது. காகிதப்பூ அப்படி. "நல்லா தண்ணி ஊத்துறோம், உரம் வெக்கிறோம், பூவே இல்ல" என்று போன் வரும். அதுதான் காரணம். தண்ணீரைக் குறைத்து, இலை லேசாகத் தொங்கும் வரை காயவிட்டால் தானாகப் பூக்கும். குண்டுமல்லிக்குக் கார்த்திகைக் கடைசியிலோ மார்கழியிலோ கவாத்து செய்து, இலையை உருவிவிட வேண்டும். அப்போதுதான் பங்குனி சித்திரையில் கொத்துக் கொத்தாக மொட்டு. கத்தரியோடு போனால் பல வீடுகளில் மனசு கேட்காது, "பச்சையா இருக்கே, ஏன் வெட்டுறீங்க?" என்பார்கள். ஒரு கிளையை மட்டும் விட்டு மற்றதை வெட்டிவிட்டு வருவேன். சித்திரையில் அந்த ஒரு கிளையையும் மற்றதையும் அவர்களே ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அடுத்த மார்கழிக்குக் கூப்பிட்டு வெட்டச் சொல்வார்கள்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு அதிகம் இருக்கிறது. ஆயிரம் சதுர அடி லானுக்குக் கோடையில் நாளைக்கு ஐந்நூறு லிட்டராவது வேண்டும். தொண்ணூறுகளில் இந்தக் கணக்கை யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. போர் போட்டிருக்கிறார்கள், மோட்டார் ஓடுகிறது, புல் பச்சையாக இருக்கிறது. 2003-இல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு சொன்னபோது எங்களுக்கு வந்த வேலை, போட்ட லானைப் பெயர்த்துக் குழி தோண்டி ஜல்லியும் மணலும் நிரப்புவது. லானை வெட்டுகிறோமே என்று சில வீடுகளில் வருத்தப்பட்டார்கள். நான் அந்தக் குழிகளின் மேல் கூழாங்கல் பரப்பி, ஓரத்தில் கல்வாழையும் வெட்டிவேரும் வைத்தேன். இரண்டுமே தண்ணீர் தேங்கினாலும் தாங்கும். மாடித் தண்ணீர் குழாய் வழியாக அந்தக் கல்லில் விழுந்து இறங்குவதை மழை நாளில் குழந்தைகள் நின்று பார்க்கும். மழை போகிற வழியையே தோட்டத்தின் அழகாக்கலாம் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. அதன் பிறகு நான் போட்ட எந்த வரைபடத்திலும் முதல் கோடு தண்ணீர் ஓடும் கோடுதான்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு வீட்டில் நான் போட்ட மூவாயிரம் சதுர அடி கொரியன் புல் இருந்தது. அந்த வீட்டுக்காரர் ஒரு லாரித் தண்ணீரைக் குடும்பத்துக்கும் புல்லுக்கும் பங்கு போட்டுப் பார்த்தார். ஜூன் நடுவில் எனக்குப் போன் செய்து, "என்னால குடுக்க முடியல. தெருவுல குடத்தோட நிக்கிறாங்க, நான் எப்படிப் புல்லுக்கு ஊத்துறது?" என்றார். நான் ஊற்ற வேண்டாம் என்றேன். என் கையால் விரித்த புல் என் கண்ணெதிரே வைக்கோல் நிறத்துக்குப் போயிற்று. அந்த வருடம் மழை வந்த பிறகு அதே இடத்தில் புல்லைக் கால்பங்காகக் குறைத்து, மற்ற இடத்தில் புங்கன், மகிழம், நந்தியாவட்டை, அரளி வைத்து, மரத்தடியில் காய்ந்த சருகை மூன்று அங்குலத்துக்கு மூடாக்குப் போட்டோம். சருகைப் பார்த்து முதலில், "பெருக்காத மாதிரி இருக்கே" என்றார். ஒரு கோடை கழிந்ததும் சருகை விலக்கி அடிமண்ணைக் கையில் எடுத்துக் காட்டினேன். ஈரமாக, மண்புழுவோடு இருந்தது. இப்போது அவர் வீட்டுச் சருகைத் தெருவில் போட விடமாட்டார்.

அந்தக் கோடையில் ஒன்றைக் கவனித்தேன். பின்பக்கத்தில் பழைய வழக்கப்படி பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் வாழைக்கும் தென்னைக்கும் போகும்படி வாய்க்கால் வைத்திருந்த வீடுகளில் அவை வாடவில்லை. அந்த வாய்க்கால்களைப் பல வீடுகளில் நானே மூடி, மேலே டைல்ஸ் போட்டிருக்கிறேன், அழகாக இல்லை என்று வீட்டுக்காரர் சொன்னதற்காக. ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடித்துத் தொட்டிகளுக்கு ஊற்றலாம், அதில் உப்பு இல்லை. குடிநீர் வடிகட்டும் மெஷின் கழித்துவிடும் தண்ணீர் அப்படி அல்ல, உப்பு கூடியது. தொட்டிச் செடிக்குத் தொடர்ந்து ஊற்றினால் இலை நுனி கருகும், தொட்டி விளிம்பில் வெள்ளை படியும். அதைத் தரையில் நிற்கும் தென்னைக்கு விடுங்கள்.

அலங்காரம் என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் அதிகம் தருவதில்லை. நீரூற்று, புத்தர் தலை, சுடுமண் குதிரை, காரைக்குடிப் பழம்பொருள் கடையிலிருந்து தூண், மாமல்லபுரத்துக் கல் விளக்கு, எல்லாவற்றையும் ஒரே தோட்டத்தில் வைத்தால் கண் எங்கே நிற்கும்? ஒரே ஒரு பொருள் போதும். சமையலறை ஜன்னலிலிருந்து நேராகத் தெரிகிற இடத்தில் வைத்தால் வீட்டில் அதிக நேரம் நிற்கிறவருக்கு அது கிடைக்கும். பழைய ஆட்டுக்கல்லையோ உரலையோ பல வீடுகளில் தூக்கிப் போட இருந்தார்கள். உரல் குழியில் தண்ணீர் வைத்தால் குருவி குடிக்கும், தினமும் மாற்ற வேண்டும், கொசு வராது. அல்லித் தொட்டி வைத்தால் ஐந்தாறு மணி நேர வெயிலும் நான்கு கப்பி மீனும் வேண்டும். விளக்கு கண்ணுக்குத் தெரியக் கூடாது, வெளிச்சம் மட்டும் தரையில் விழ வேண்டும், பத்து மணிக்கு அணைத்துவிட வேண்டும். சுவரில் தொங்கும் தோட்டங்கள் பத்து வருடமாக நிறையக் கேட்கிறார்கள். கைப்பிடி மண் உள்ள பிளாஸ்டிக் கிண்ணத்தில் மே மாத மேற்குச் சுவர் வெயிலை எந்தச் செடி தாங்கும்? மூன்றாவது மழைக்குப் போய்ப் பார்த்ததில் பெரும்பாலான சுவர்களில் சட்டம் மட்டும் இருந்தது. அதே சுவரில் கம்பி கட்டி, தரையில் வேர் விட்ட ஒரு கொடியை ஏற்றினால் செலவும் குறைவு, இருபது வருடம் நிற்கும்.

2009-இல் செம்பருத்தியெல்லாம் வெள்ளைப் பஞ்சு ஒட்டிய மாதிரி ஆனது. பப்பாளி மாவுப்பூச்சி. முந்தின வருடம் கோயம்புத்தூரில் முதலில் தென்பட்டது, அடுத்த வருடம் எங்கள் தோட்டங்களில். சோப்புத் தண்ணீர், வேப்பெண்ணெய், பிறகு கடுமையான மருந்து என்று எல்லாம் அடித்தேன். பல வீடுகளில் செம்பருத்தி வேலியையே வெட்டி எரித்தோம். புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த அசிரோபேகஸ் பப்பாயே என்ற கண்ணுக்கு அரிதாகத் தெரியும் குளவியை 2010-இல் தமிழ்நாட்டில் விட்டார்கள். அது அந்தப் பூச்சிக்குள் முட்டையிட்டு அதை அழித்தது. அடுத்த வருடத்துக்குள் செம்பருத்தி பழையபடி துளிர்த்தது. நான் மருந்தடிப்பதை நிறுத்தாத வீடுகளில்தான் பூச்சி தங்கியது, குளவியையும் சேர்த்துக் கொன்றிருக்கிறேன். அதற்குப் பிறகு கடுமையான மருந்தை என் வண்டியில் ஏற்றுவதில்லை.

இன்னொரு மரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நுங்கம்பாக்கத்தில் ஒரு வீட்டு வாசலில் பெரிய பெல்டோபாரம், மஞ்சள் பூவாகக் கொட்டும். 2014-இல் அந்தத் தோட்டத்துக்கு விளக்குப் போட, ஒயர் புதைக்க, மரத்தின் வடக்குப் பக்கமாக இரண்டடி ஆழத்தில் பள்ளம் வெட்டினேன். மணிக்கட்டுக் கனத்தில் நான்கைந்து வேர் குறுக்கே வந்தது. அறுத்தேன். மரம் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த இரண்டு வருடமும் பூத்தது. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் வந்தது. காலையில் வடக்கிலிருந்து அடித்த காற்றில் அது தெற்கே சாய்ந்து, வாசல் தூணை இடித்துக்கொண்டு விழுந்தது. மறுநாள் போனபோது வேர்த்தட்டு செங்குத்தாக நின்றது. வடக்குப் பக்கத்தில் நான் அறுத்த இடம் ரம்பத்தால் வெட்டிய மாதிரியே நேர்க்கோடாக இருந்தது. காற்றை எதிர்த்துப் பிடிக்க வேண்டிய வேரைத்தான் அறுத்திருந்தேன். ஊரெங்கும் ஆயிரக்கணக்கில் மரம் விழுந்த நாள் அது, யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். அந்த வீட்டு ஐயா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப இந்த எடத்துல எதை வெக்கலாம், நீங்களே சொல்லுங்க" என்றார். மகிழம் வைத்தோம். மெதுவாக வளர்கிற மரம். இப்போது வாசலுக்கு நிழல் விழ ஆரம்பித்திருக்கிறது. மரத்தடியில் ஒயர் போக வேண்டும் என்றால் இப்போதெல்லாம் சுவரோடு கொண்டுபோகிறேன், ஒயர் தெரிந்தாலும் பரவாயில்லை.

1991-இல் நான் தனியாகப் போட்ட முதல் தோட்டம் நந்தனத்தில் ஒரு வீடு. அந்த அம்மா அப்போது கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். கிழக்குப் பக்கம் கிணற்றடியில் ஒரு பவளமல்லி, அதன் கீழே செங்கல் பாவிய தரை, தென்கிழக்கில் முல்லைப் பந்தல், ஒரு உரல், அவ்வளவுதான். முப்பது மழைக்கு மேல் பார்த்தது. 2022-இல் பிள்ளைகள் சேர்ந்து வீட்டைப் புரோமோட்டருக்குக் கொடுத்தார்கள். இடிப்பதற்கு முன் அம்மா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, மரத்தை எடுத்துக்கிட்டுப் போக முடியுமா?" என்றார். அந்த வயது மரத்தைப் பெயர்த்தால் பிழைக்காது என்றேன். மழையில் மரத்தடியில் முளைத்த கன்றுகள் பத்துப் பதினைந்து நின்றன. ஆறு கன்றை வேர் மண்ணோடு எடுத்துப் பைகளில் வைத்தேன். முல்லையில் ஐந்து கொடியைப் பதியம் போட்டு எடுத்தேன். உரலை என் வீட்டுக்கு வண்டியில் ஏற்றினேன். இரண்டு வருடம் என் வீட்டு வாசலில் அவை இருந்தன.

2024 ஆகஸ்டில் புதுக் கட்டடம் முடிந்தது. அம்மாவுக்கு முதல் மாடி. கீழே சுற்றிலும் சந்து முழுக்கத் தரைக்கல் பதிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். கிழக்குச் சந்தில் எட்டடிக்கு ஆறடி மட்டும் விட்டுவிடச் சொல்லி அம்மா எல்லா வீட்டுக்காரர்களிடமும் தானே போய்க் கேட்டார், எண்பது வயதில். மாட்டோம், மண்ணாக இருந்தால் சேறாகும் என்றார்கள். மணல் பரப்பி அதன் மேல் பழைய வீட்டுச் செங்கல்லைப் பதித்துத் தருகிறேன், தண்ணீர் இடுக்கு வழியாக இறங்கிவிடும், சேறாகாது என்று நான் சொன்னதும் ஒத்துக்கொண்டார்கள். முதல் நாள் அங்கே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். காலை வெயில் பதினொன்றரை வரை இருந்தது. தோண்டிப் பார்த்ததில் ஒன்றரை அடிக்கு இடிபாடு. எடுத்துவிட்டு மண் நிரப்பினோம். இரண்டு கன்று வைத்தேன், ஒன்று முதல் மழையிலேயே சாய்ந்து போயிற்று. மற்றது பிடித்துக்கொண்டது. உரலை அதன் பக்கத்தில், மாடி பால்கனியிலிருந்து தெரிகிற மாதிரி வைத்தேன்.

2025 ஐப்பசியில், இரண்டாவது மழை தொடங்கி ஒரு வாரம் இருக்கும், விடியற்காலை ஆறு மணிக்கு அம்மாவிடமிருந்து போன் வந்தது. மேலேயிருந்து பார்த்தாராம். செங்கல் மேல் ஏழு பூ கிடந்ததாம். "கீழ எறங்கிப் பொறுக்கிட்டேன்" என்றார். படி ஈரமாக இருக்கும், பார்த்து இறங்குங்கள் அம்மா என்றேன்.